உங்க ரிஜிஸ்டரை யார் படிக்கிறாங்க?

விவாடோவில் ஒரு தடவையாவது சின்தசிஸ் ஓட்டியவர்களுக்கு இந்த வார்னிங் பழக்கமானதுதான். ஒரு மஞ்சள் அடையாளம், நீங்க ஆசையாகப் பெயர் வைத்த ரிஜிஸ்டர், பக்கத்தில் "பயன்படாத சீக்வென்ஷியல் எலிமென்ட், நீக்கப்பட்டது" என்ற பொருளில் ஒரு வரி. 8-6014 என்ற எண்கூட சிலருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். ஒன்றிரண்டு வந்தால் கண்டுகொள்ள மாட்டோம். ஐம்பது வந்தால் லேசாக வயிற்றைக் கலக்கும். கஷ்டப்பட்டு எழுதிய கோடு, சிமுலேஷனில் அழகாக ஓடிய கோடு. இந்த டூல் யாரைக் கேட்டு அதை அழிக்குது?

நான் இ.சி.இ. இறுதியாண்டு. போன செமஸ்டரிலிருந்து எங்க வி.எல்.எஸ்.ஐ. லேப்பில், சாயந்திரம் ஜூனியர்ஸ் மினி ப்ராஜெக்ட் செய்யும்போது கூட உட்கார்ந்து உதவி செய்கிறேன். அங்கே என்னிடம் அதிகமாக வரும் கேள்வி, "அக்கா, இந்த வார்னிங்கை எப்படி நிறுத்துறது?" என்பதுதான். நிறுத்தும் வழி ஒரே வரி. அதைச் சொல்லிவிட்டு நான் கேன்டீனுக்குப் போய்விடலாம். ஆனால் அந்த ஒரு வரியால் ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முழுக்கத் தப்பாகப் போக இருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையா படிங்க.

கடைமடையிலிருந்து மேலே

நாம் வெரிலாக் எழுதும்போது பெரும்பாலும் இன்புட்டிலிருந்து யோசிக்கிறோம். ஸ்விட்ச் இங்கே வருது, ரிஜிஸ்டரில் போய் உட்காருது, அதைக் கூட்டறோம், அப்புறம் வெளியே அனுப்பறோம். பயன்படாததைத் தேடும் வேலையில் சின்தசிஸ் டூல் நேரெதிர்த் திசையில் நடக்கிறது. அது அவுட்புட் பின்னில் போய் நின்றுகொண்டு பின்னோக்கிப் பார்க்கிறது.

டெல்டா பக்கத்து ஆட்களுக்குக் கடைமடை என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. வாய்க்கால் போய் முடிகிற கடைசி வயல். டூல் அந்தக் கடைமடை வயலில் நின்று, இந்தத் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக வந்தது, அந்த வாய்க்காலுக்கு எங்கிருந்து வந்தது என்று மேலே மேலே நடக்கிறது. கால் பட்ட இடத்தையெல்லாம் குறித்துக்கொள்கிறது. ஆறு வரை போய்த் திரும்பிய பிறகு, குறிப்பில் வராத வாய்க்காலை எல்லாம் தூர்த்துவிடுகிறது. அதில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சரி, எந்த வயலுக்கும் போய்ச் சேரவில்லை என்றால் அது டூலுக்கு வாய்க்காலே கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் இதை கார்பேஜ் கலெக்ஷன் என்ற பெயரில் படித்திருப்பீங்க. யோசனை அதேதான்.

எல்லாரும் செய்கிற எல்.இ.டி. பிளிங்கரையே எடுத்துக்கலாம். பேசிஸ் 3 போர்டில் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். நேரடியாக எல்.இ.டி.க்குக் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரு கவுண்டர் போட்டு அதன் 25-ஆம் பிட்டை எல்.இ.டி.யில் மாட்டுகிறோம். 6,71,08,864 கிளாக்குக்கு ஒரு முறை, அதாவது சுமார் 0.67 நொடிக்கு ஒரு முறை, எல்.இ.டி. எரிந்து அணையும். இப்போ கவுண்டரை 32 பிட் என்று டிக்ளேர் செய்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்க. 32 என்பது கை தானாக எழுதும் எண்.

சின்தசிஸ் முடிந்ததும் கவுண்டரை 32 பிட்டிலிருந்து 26 பிட்டாக வெட்டிவிட்டேன் என்று டூல் சொல்லும். பூஜ்யத்திலிருந்து 25 வரை 26 ஃப்ளிப் ஃப்ளாப் மிச்சம். 26 முதல் 31 வரை ஆறு காலி.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. எல்.இ.டி.யில் மாட்டியது 25-ஆம் பிட் ஒன்றைத்தானே? அப்போ கீழே இருக்கும் பூஜ்யம் முதல் 24 வரையுள்ள பிட்டுகள் ஏன் தப்பித்தன? கவுண்டரில் கேரி கீழிருந்து மேலே ஏறும். 25-ஆம் பிட் எப்போது மாறவேண்டும் என்பதைக் கீழே உள்ள 25 பிட்டும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. மேலே உள்ள ஆறு பிட்டுகள் கீழே எதுவும் சொல்வதில்லை. அவை கேட்டுக்கொண்டே இருக்கின்றன, அவை பேசுவதை யாரும் கேட்பதில்லை. இது புரிந்துவிட்டால் இந்த வார்னிங்கில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

இதில் நமக்கு நஷ்டம் எதுவும் இல்லை. போர்டுக்கு வெளியே நின்று எல்.இ.டி.யை மட்டும் பார்க்கிறவருக்கு 32 பிட் கவுண்டருக்கும் 26 பிட் கவுண்டருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. லாபம்தான் உண்டு. ஃப்ளிப் ஃப்ளாப்பின் டேட்டா மாறாமல் சும்மா இருந்தாலும், ஒவ்வொரு கிளாக் எட்ஜுக்கும் அதன் கிளாக் பின் கொஞ்சம் பவர் தின்னும். டூல் இப்படி வெட்டிக் கொடுக்கும் என்ற தைரியத்தில்தான் எல்லா வசதியும் வைத்து ஒரு பொதுவான மாட்யூலை எழுதி வைத்து, ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் தேவையானதை மட்டும் மாட்டிக்கொள்ள முடிகிறது.

அப்போ சிமுலேஷனில் அந்த ஆறு பிட்டும் வேவ்ஃபார்மில் ஜம்முனு ஓடினதே? ஓடும். சிமுலேட்டர் நீங்க எழுதியதை எழுதியபடி நடித்துக் காட்டுகிற ஆள். யார் படிக்கிறார்கள் என்று கேட்பது அதன் வேலை இல்லை.

26 என்ற எண்

இப்போ அந்த ப்ராஜெக்ட் கதைக்கு வரேன். மூன்றாம் ஆண்டு பசங்க இரண்டு பேர். 8 புள்ளி மூவிங் ஆவரேஜ் ஃபில்டர். 8 ஸ்விட்சிலிருந்து 8 பிட் எண் உள்ளே வரும், கடைசியாக வந்த எட்டு எண்களின் சராசரி 8 எல்.இ.டி.யில் தெரியும். கூடவே, போர்டு உயிரோடு இருக்கிறது என்று காட்ட ஓர் ஓரத்தில் மேலே சொன்ன அதே பிளிங்கர். அந்த பிளிங்கரின் கீழ் 25 பிட்டும் பூஜ்யமாகிற நேரத்தில் ஃபில்டர் ஒரு சாம்பிள் எடுக்கும். நொடிக்குக் கிட்டத்தட்ட மூன்று சாம்பிள். சின்ன ப்ராஜெக்ட், ஆனால் சுத்தமாக யோசித்தது.

மறுநாள் காலை ரிவ்யூ. ஸ்லைடு தயார். அதில் ஒரு டேபிள்: ஒரு பக்கம் பேஸ் பேப்பரின் ரிஜிஸ்டர் எண்ணிக்கை, இன்னொரு பக்கம் இவங்களது. இவங்க எண் 26. மூன்றாவது காலத்தில் எவ்வளவு சதவீதம் குறைத்தோம் என்று தடித்த எழுத்தில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். டைனமிக் பவரும் பிரமாதமாகக் குறைந்திருந்தது.

"அக்கா, வார்னிங் மட்டும் நிறைய வருது. சார் கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல" என்றுதான் வந்தார்கள்.

"உங்க ஃபில்டர்ல எத்தனை ரிஜிஸ்டர் இருக்கணும்?" என்று கேட்டேன். ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். எட்டு சாம்பிளைப் பிடித்து வைக்க எட்டு எட்டு 64. எட்டு 8 பிட் எண்களைக் கூட்டினால் அதிகபட்சம் 2040, அதற்கு 11 பிட் வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை ரிஜிஸ்டர் 11. ஆக, 75.

"ஃபில்டருக்கே 75 வேணும். பிளிங்கரோட சேர்த்து மொத்தமே 26 எப்படி வந்துச்சு?"

கொஞ்ச நேரம் அமைதி. "டூல் ஆப்டிமைஸ் பண்ணியிருக்கும்க்கா" என்றான் ஒருவன்.

அந்த 26 எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அது பிளிங்கர். ஃபில்டரில் ஒரு ரிஜிஸ்டர்கூட மிச்சமில்லை. இல்லாத ஒரு சர்க்யூட்டின் ஏரியாவை ஒரு பேப்பரோடு ஒப்பிட்டு டேபிள் போட்டிருந்தார்கள். பவர் குறைந்ததும் அதனால்தான். இல்லாத சர்க்யூட் கரண்ட் இழுக்காது.

நான் அடுத்ததைச் சொல்வதற்குள் இன்னொருவன் இன்டர்நெட்டில் தேடி எடுத்துவிட்டான். ஃபில்டரின் ரிஜிஸ்டர்கள் மேல் டோன்ட் டச் ஆட்ரிபியூட். இதைத் தொடாதே என்று டூலுக்குப் போடும் கட்டளை. மறுபடி சின்தசிஸ் ஓட்டினான். "நீக்கப்பட்டது" வார்னிங் ஒன்றுகூட இல்லை. ரிஜிஸ்டர் 101. அதாவது 26-ம் 75-ம். "இப்போ கணக்கு கரெக்டா டேலி ஆகுதுக்கா!" என்று இருவருக்கும் முகம் மலர்ந்தது.

பிட்ஸ்ட்ரீமை போர்டில் ஏற்றினோம். பிளிங்கர் கண்ணடித்தது. எட்டு ஸ்விட்சையும் மேலே தள்ளினோம். மூன்று நொடியில் எட்டு எல்.இ.டி.யும் எரிந்திருக்க வேண்டும். ஒன்றுகூட எரியவில்லை.

இந்த இடம்தான் எனக்கு இன்னும் உறைக்கிறது. 26 என்ற எண்ணைப் பார்த்தால் யாராவது ஒருவர் சந்தேகப்பட்டுக் கேட்கலாம். 101 என்ற எண்ணை யாரும் கேட்க மாட்டார்கள். அது நியாயமான எண். போர்டு இல்லாமல், சிமுலேஷனும் ரிப்போர்ட்டும் மட்டும் வைத்து முடிக்கிற ப்ராஜெக்ட்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அப்படி ஒரு ப்ராஜெக்டாக இது இருந்திருந்தால், வேலையே செய்யாத ஒரு சர்க்யூட் 101 ரிஜிஸ்டரோடு, ஒரு சந்தேகமும் இல்லாமல், பைண்டிங் வரைக்கும் போயிருக்கும்.

சத்தம் போட்ட வார்னிங்கள் எல்லாம் அடங்கியதில் ஒரு நன்மை, மிச்சம் இரண்டு கண்ணில் பட்டன. ஒன்று, ஃபில்டரின் அவுட்புட் போர்ட் 11 பிட், அதில் மாட்டியிருக்கும் வயர் 1 பிட் என்றது. இன்னொன்று, எல்.இ.டி.க்குப் போகும் வயரை ஓட்ட யாருமே இல்லை என்றது. டாப் மாட்யூலைத் திறந்து பார்த்தோம். டிக்ளேர் செய்த வயரின் பெயர் ஏவிஜிஅவுட். ஃபில்டரில் மாட்டிய பெயர் ஏவிஜி, ஒரு அண்டர்ஸ்கோர், பிறகு அவுட். அந்த அண்டர்ஸ்கோர்தான் மொத்த வித்தியாசமும்.

வெரிலாக்கில் ஒரு பழைய வசதி இருக்கிறது. மாட்யூலின் போர்ட்டில் டிக்ளேர் செய்யாத ஒரு பெயரை மாட்டினால், எரர் தராது. சரி, புதுசா ஒரு 1 பிட் வயர் போல என்று தானாகவே உருவாக்கிக்கொள்ளும். ஃபில்டர் தன் விடையை அந்தப் புது வயரில் கொட்டியது. அதை யாரும் படிக்கவில்லை. எல்.இ.டி. படித்த வயரில் யாரும் எழுதவில்லை. சிமுலேஷனில் எல்லாம் சரியாக வந்ததற்கும் காரணம் இருந்தது. டெஸ்ட்பெஞ்ச் ஃபில்டர் மாட்யூலை நேரடியாகக் கூப்பிட்டது, டாப் மாட்யூல் பக்கம் போகவே இல்லை.

அண்டர்ஸ்கோரைச் சரிசெய்து, டோன்ட் டச்சையும் எடுத்துவிட்டு ஓட்டினோம். எல்.இ.டி. எரிந்தது. ரிஜிஸ்டர் 98. எதிர்பார்த்ததைவிட மூன்று குறைவு. மறுபடியும் மூன்று ரிஜிஸ்டரை நீக்கினேன் என்று வார்னிங். இந்தத் தடவை இருவரும் பயப்படவில்லை, யோசித்தார்கள். எட்டால் வகுக்க 11 பிட்டில் கீழ் மூன்று பிட்டை விட்டுவிடுகிறோம். அந்த மூன்றை யாரும் படிப்பதில்லை. அதனால் போயிற்று. 64-ம் 8-ம் 72, கூட பிளிங்கரின் 26. கணக்கு நேர்.

ஸ்லைடில் சதவீதக் காலத்தை எடுத்துவிட்டார்கள். பேப்பரோடு ஒப்பிட்டால் 98 ஒன்றும் பெருமைப்படும் எண் இல்லை. அதை டெலீட் செய்யும்போது இருவர் முகத்திலும் வருத்தம் இருந்தது, மறைக்க மாட்டேன். மறுநாள் ரிவ்யூவில், 75 வரவேண்டிய இடத்தில் ஏன் 72 என்று கேள்வி வந்ததாம். அதற்கு மட்டும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்களாம்.

மூன்று விதமாகக் காணாமல் போகும்

ரிஜிஸ்டர் நீக்கப்படுவதற்குப் பொதுவாக மூன்று காரணம் உண்டு. வார்னிங் வாசகம் ஒவ்வொன்றுக்கும் வேறு. அதனால் முழுசா படிங்க.

முதலாவது, மேலே பார்த்தது. யாரும் படிக்காத ரிஜிஸ்டர். ஒன்றை எடுத்ததும், அதற்கு மட்டுமே டேட்டா கொடுத்துக்கொண்டிருந்த முந்தையதும் வேலையிழக்கும். அதுவும் போகும். அதனால்தான் ஒரே ஒரு வயர் விட்டுப்போனாலும் ஐம்பது வார்னிங் வருகிறது. ஐம்பதையும் துரத்தாதீங்க. அவுட்புட்டுக்கு மிகப் பக்கத்தில் இருப்பதை மட்டும் பிடிங்க.

இரண்டாவது, எப்போதும் ஒரே மதிப்பைச் சொல்லும் ரிஜிஸ்டர். ரிசெட்டில் பூஜ்யம், உள்ளே வருவதும் எப்போதும் பூஜ்யம் என்றால் அது ரிஜிஸ்டரே இல்லை, கிரவுண்டில் கட்டிய வயர். இது முன்னோக்கிப் பரவும். ஒரு ஸ்டேட் மெஷினின் ஸ்டார்ட் சிக்னலை டாப் மாட்யூலில் மறந்துபோய் பூஜ்யத்தில் கட்டிவிட்டால், மெஷின் முதல் ஸ்டேட்டை விட்டு நகராது. நகராதது என்று டூலுக்குத் தெரிந்தால் மொத்த ஸ்டேட் மெஷினும் கான்ஸ்டன்ட் ஆகிக் கரைந்துவிடும்.

மூன்றாவது, இரட்டைப் பிறவிகள். ஒரே கிளாக், ஒரே ரிசெட், ஒரே டேட்டா உள்ள இரண்டு ரிஜிஸ்டர்கள் எப்போதும் ஒரே மதிப்பைத்தான் காட்டும். டூல் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அதோடு இணைத்துவிடும்.

லைசென்ஸ் எதுவும் இல்லாமல் இதை உங்க லேப்டாப்பிலேயே பார்க்கணும்னா யோசிஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் டூல் இருக்கிறது. அதில் இந்த மூன்றுக்கும் தனித்தனிக் கட்டளைகள்: ஆப்ட் க்ளீன், ஆப்ட் டி.எஃப்.எஃப்., ஆப்ட் மெர்ஜ். மேலே சொன்ன 32 பிட் பிளிங்கரைக் கொடுத்து ஒவ்வொன்றாக ஓட்டி, ஷோ கட்டளையில் படம் வரைந்து பாருங்க. ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும்.

தொடாதே என்று சொல்வது எப்போ சரி?

டோன்ட் டச் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாமல் முடியாத இடங்கள் உண்டு.

விண்வெளிக்குப் போகும் சர்க்யூட்டில் கதிர்வீச்சு பட்டு ஒரு ஃப்ளிப் ஃப்ளாப்பின் மதிப்பு தானாகப் புரளலாம். அதற்குத்தான் ஒரே ரிஜிஸ்டரை மூன்று பிரதி வைத்து, இரண்டு பேர் சொல்வதை எடுத்துக்கொள்ளும் வோட்டரைப் பின்னால் வைப்பார்கள். டூலின் கண்ணுக்கு அந்த மூன்றும் இரட்டைப் பிறவிகள் மாதிரியே தெரியும். மூன்றையும் ஒன்றாக்கிவிடும். மூன்று இன்புட்டிலும் ஒரே வயர் என்றதும் வோட்டரும் வெறும் வயராகிவிடும். சிமுலேஷனில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பாதுகாப்பு மட்டும் போயிருக்கும். கதிர்வீச்சு என்ற ஒன்று டூலின் உலகத்திலேயே கிடையாது என்பதால் டூலையும் குறை சொல்ல முடியாது. இங்கே டோன்ட் டச் போட்டே ஆகணும்.

டீபக்குக்காக ஒரு உள் ரிஜிஸ்டரைப் பார்க்கணும் என்றால் மார்க் டீபக் போடலாம். ஒரு ரிஜிஸ்டர் நூற்றுக்கணக்கான இடத்துக்கு டேட்டா கொடுத்து டைமிங் உதைக்கிறது என்று நீங்களே பிரதி எடுத்து வைத்தால், அதையும் காப்பாற்றணும்.

ஆட்ரிபியூட் பெயரையும் கவனிங்க. விவாடோவில் கீப் என்பது சின்தசிஸ் வரைக்கும்தான் காவல், டோன்ட் டச் அடுத்து வரும் ப்ளேஸ் அண்ட் ரூட்டிலும் கூடவே போகும். குவார்ட்டஸில் ப்ரிசர்வ் போட்டாலும் யாரும் படிக்காத ரிஜிஸ்டர் போய்விடும். அதை நிறுத்த நோப்ரூன் வேண்டும்.

இந்த இடங்களில் எல்லாம் ஒரு பொது அம்சம் இருக்கிறது. டூலுக்குத் தெரியாத ஒரு காரணம் டிசைனருக்குத் தெரியும். அந்தக் காரணத்தை ஆட்ரிபியூட்டுக்கு மேல் ஒரு வரி கமென்டாக எழுத முடிந்தால் தாராளமா போடுங்க. "வார்னிங் வந்தது" என்பதைத் தவிர வேற எழுத எதுவும் இல்லைன்னா, எடுத்துடுங்க.

அடுத்த தடவை சின்தசிஸ் ஓட்டும்போது

ஓட்டுவதற்கு முன்னாலேயே எத்தனை ஃப்ளிப் ஃப்ளாப் வரணும் என்று பேப்பரில் கணக்குப் போட்டு வைங்க. தோராயமாக இருந்தால்கூடப் போதும். எண் தெரியாமல் ரிப்போர்ட்டைப் பார்த்தால் 26-ம் சரி என்று தோன்றும், 101-ம் சரி என்று தோன்றும்.

ஒவ்வொரு வெரிலாக் ஃபைலின் தலையிலும் டிஃபால்ட் நெட்டைப்பை நன் என்று போடுங்க. 2001 ஸ்டாண்டர்டிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. அந்த அண்டர்ஸ்கோர் மாதிரித் தப்பு உடனே எரராக வந்து நிற்கும்.

டெஸ்ட்பெஞ்ச் ஒன்றாவது டாப் மாட்யூலைக் கூப்பிடட்டும். பின்னுக்குப் போகும் சிக்னலை அதில் செக் பண்ணுங்க.

வார்னிங் வந்தால் இந்த வரிசையில் படிங்க: முதலில் டிரைவர் இல்லாத வயர், அடுத்து பிட் அகலம் பொருந்தாத போர்ட், அப்புறம்தான் நீக்கப்பட்ட ரிஜிஸ்டர். முதல் இரண்டில் ஏதாவது இருந்தால் மூன்றாவது பெரும்பாலும் அதன் விளைவு.

கடைசியில் மிச்சம் இருக்கும் ஒவ்வொரு நீக்கப்பட்ட ரிஜிஸ்டரையும் காட்டி, பக்கத்து சீட் நண்பனை ஒரே கேள்வி கேட்கச் சொல்லுங்க: இதை யார் படிக்கிறாங்க? "யாரும் இல்ல, கீழ் மூணு பிட் எனக்கு வேண்டாம்" என்று பதில் வந்தால் அந்த வார்னிங் அங்கேயே இருக்கட்டும், ஒன்றும் செய்யாதீங்க. பதில் வரலைன்னா டாப் மாட்யூலைத் திறங்க. அங்கேயும் கிடைக்கலைன்னா, சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல லேப்ல கடைசி வரிசையில இருப்பேன். ரிப்போர்ட்டோட வாங்க, சேர்ந்து பார்க்கலாம்.